பை இருந்த இடம்

ஜூன் 11

அக்காவுக்கு,

இனிமேல் போன் பண்ணாதே என்று சொல்லிவிட்டுப் போனாய். எழுதாதே என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். தவிர, பண்ண நினைத்தாலும் என்னிடம் போன் இல்லை. அது என் பைக்குள் இருக்கிறது. ஆஸ்பத்திரி அறைக் கதவை அறைந்து சாத்திவிட்டுக் கிளம்பியபோது உன் பையோடு என் பையையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாய். பஸ் ஏறிய பிறகாவது கவனித்தாயா?

கணுக்காலில் மாவுக்கட்டு. விடுதி அறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே தாவித் தாவிப் போகப் பழகிவிட்டேன். ஆய்வகத்தில் விடுப்புக் கொடுத்துவிட்டார்கள். நான் இல்லாமல் சோதனைக்கு வந்த தண்ணீர்ப் பாட்டில்கள் வரிசையாகச் சேர்ந்துகொண்டிருக்கும்.

மலை வழியை விட்டு ஏன் இறங்கினாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். பஸ் பக்கத்தில் அத்தனை பேர் நின்றார்கள். என்ன சொல்வேன்? ஒதுங்கத்தான் போனேன், அக்கா. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் முழித்தேன். நீ அறைந்துவிட்டாய்.

பாறைக்குப் பின்னால் போனால் போதும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இன்னும் கீழே, இன்னும் கீழே என்று இறங்கினேன். திரும்பி ஏறி வருவதற்குள் பனி மூடிவிட்டது. நான் இறங்கிய இடம் எது என்று தெரியவில்லை. வேறெங்கோ ஏறிவிட்டேன் என்று நினைத்து மறுபடி இறங்கித் தேடினேன். கால் வழுக்கியது. ஓடைப் பள்ளத்தில் கிடந்தேன். கத்தினேன். என் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவுதான்.

அறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வாலை அப்படித் திட்டியிருக்க வேண்டாம். எங்கள் நடைக் குழுவில் முன்னால் போகிறவரைத் திசைமானி என்போம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். எல்லாருக்கும் கடைசியில் வருகிறவர் வால். குழாய் வேலை செய்பவர். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, அதுதான் அவர் பொறுப்பு. இருட்டுவதற்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து முதுகில் சுமந்து வந்ததும் அவர்தான். அதை நீ பார்க்கவில்லை. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாய்.

யார் மேலும் தப்பில்லை, அக்கா. இதை இத்தோடு விட்டுவிடு.

தங்கை

*

ஜூன் 15

என் வாயில்லாப் பூச்சிக்கு,

யார் மேலும் தப்பில்லையாம். கால் உடைந்தது உனக்கு, தீர்ப்புச் சொல்வதும் நீயா?

பை என்னிடம்தான் இருக்கிறது. கடையில் தையல் மிஷினுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. உள்ளே உன் போன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது. உன் ஆய்வக மேலாளர் முதல் நாளே நாலைந்து தடவை கூப்பிட்டார். ஒரு தடவை எடுத்து, "அவ மலையேறப் போயிருக்கா, இன்னும் இறங்கல" என்றேன். அந்த மனுஷன் பயந்து போய் வைத்துவிட்டார். போன் வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்.

எனக்கு முதலிலேயே பிடிக்கவில்லை. நடப்பதற்கு ஒரு குழு, அதற்கு ஒரு சந்தா, அதற்கு ஒரு தலைவர். கால் இருக்கிறவன் எல்லாம் சும்மா நடக்கிறான். நீ என்னை விருந்தாளியாகக் கூட்டிப் போனாயே, அன்று நடந்ததையும் சொல்கிறேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, விதிமுறைத் தாளை நல்ல பிள்ளையாக வாசித்துக் காட்டினாய். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவளுக்கு அது பெரிய உதவிதான். முன்னால் போகிறவரை முந்தாதே, வழி பிரிகிற இடத்தில் பின்னால் வருகிறவர் கண்ணில் படும்வரை நில், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. எல்லாம் சரி. நடக்க ஆரம்பித்ததும் எங்கே போனாய்? உன் சிநேகிதக் கும்பலோடு முன்னால். நான் தனியாக, எவர் முகமும் தெரியாமல் நடுவில். பேச ஆளில்லாமல் என் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். அக்கா பக்கத்தில் வந்தால் மதிப்புக் குறைந்துவிடுமோ என்னவோ.

சரி, அது கிடக்கட்டும். கடைசியில் வருகிறவன் வேலை என்ன? பார்ப்பதுதானே? கண்ணை எங்கே வைத்திருந்தான்? உன் குழுச் செயலாளர் அம்மாவுக்கு உன் போனிலிருந்தே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "அந்த ஆளை நீக்குங்க. இல்லன்னா நான் வந்து உங்க கூட்டத்துல உக்காருவேன். நான் உக்காந்தா லேசுல எந்திரிக்க மாட்டேன்" என்றேன்.

காலை உயரத்தில் வை. தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, வைத்தேன் என்று சொல்லாதே.

அக்கா

*

ஜூன் 19

அக்கா,

என்ன காரியம் செய்தாய்!

செயலாளர் நேற்று விடுதிக்கே வந்துவிட்டார். மருந்துக்கடை வைத்திருப்பவர், கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டமாம். வாலை நீக்குவதைப் பற்றித்தான். குழு தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் கடைசியில் நடக்கிறார். மற்றவர்களுக்கு மலை என்றால் முன்னால் தெரிகிற காட்சி. அவருக்கு மலை என்றால் எங்கள் முதுகுகள். யார் நொண்டுகிறார்கள், யார் மூச்சு வாங்குகிறார்கள் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் முகத்தில் அன்றிலிருந்து ரத்தமே இல்லையாம்.

"உன் அக்கா சொல்றதுல நியாயம் இருக்கும்மா. உயிர் விஷயம்" என்றார் செயலாளர். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நினைவில்லை என்று சொல்லிவிட்டேன்.

உன் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள். காரணம் கேட்காதே. உன்னிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. கல்லூரிக்குக்கூட நீயாகத்தான் அனுப்பினாய். இதைக் கேட்கிறேன்.

உன்னோடு நடக்காமல் முன்னால் போனதற்குக் காரணம் நீ நினைப்பது இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். சொல்ல முடிந்தால்.

தங்கை

*

ஜூன் 22

தங்கைக்கு,

கடையைச் சாத்தக்கூட இல்லை, மிஷின் மேலேயே வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

இன்று மத்தியானம் அந்தக் குழாய்க்காரர் கடைக்கு வந்தார். பேன்ட் சுருக்க வந்த யாரோ என்று நினைத்து அளவு நாடாவை எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர். கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை வாசல் ஓரமாக நின்றார். பிறகு உள்ளே வந்து, "உங்க தங்கச்சிக்கு எப்படி இருக்கும்மா?" என்றார்.

"நல்லா இருக்கா. உங்க புண்ணியத்துல" என்றேன். என் வாய் உனக்குத் தெரியுமே.

"திட்டுங்க. நான் வந்ததே அதுக்குத்தான். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். வழியில பை இல்லம்மா."

"எந்தப் பை?"

"ஒதுங்கப் போறவங்க பையை வழி ஓரமா வெச்சுட்டுத்தான் இறங்கணும். அது எங்க விதி. பை இருந்தா, ஆள் இன்னும் மேல வரலன்னு அர்த்தம். அந்தப் பையைத் தாண்டி நான் ஒரு அடி வைக்க மாட்டேன். அவங்க வர்ற வரைக்கும் திரும்பி நின்னு வானத்தைப் பாத்துட்டு இருப்பேன். மழை பெஞ்சாலும் நிப்பேன். உங்க தங்கச்சி என் முதுகுல வரும்போது, 'பையை வெச்சேனே, பையை வெச்சேனே'ன்னு சொல்லிட்டே வந்துச்சு. தேட வந்த எல்லாருக்கும் கேட்டுது. நான் பாக்காம தாண்டிட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆனா சத்தியமா வழியில பை இல்லம்மா. அதுல வேடிக்கை என்னன்னா, ஓய்வுக் கொட்டகைக்குப் போனா அங்க சுவர் மேல அந்தப் பை இருக்கு. நீலப் பை, ஆரஞ்சு வார். எனக்கு முகத்தைவிட பைங்கதான் நல்லாத் தெரியும். சரி, பொண்ணு வந்துடுச்சுன்னு நானும் டீ குடிச்சேன். இதைச் சொன்னா பொய்யிங்கிறாங்க. பை தானா நடந்து போகுமான்னு சிரிக்கிறாங்க."

நான் கல்லாகிவிட்டேன். என் தலைக்குப் பின்னால் ஆணியில் பை தொங்குகிறது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அவருக்குத் தெரியாது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவ்வளவு கேவலமாக யோசித்தேன். ஆனால் டீ வாங்கித் தரலாமென்று எழுந்தேன். எழுந்ததும் அவர் பார்த்துவிட்டார்.

பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பையை.

"நல்ல தையல். நீங்க தெச்சதா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"கெட்டியா இருக்கு" என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. வரவழைத்த டீயைக் குடித்து முடித்தார். தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அடியே, நான் என்ன செய்தேன் தெரியுமா? தனியாக நடந்து வந்துகொண்டிருந்தேன். வழி ஓரத்தில் என் கையால் தைத்த பை கேட்பாரற்றுக் கிடந்தது. பள்ளிக்கூடத்து நாளிலிருந்து உன் பழக்கம்தானே, பையை எங்காவது போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஓடுவது! அன்றும் முன்னால் ஓடிவிட்டாய் என்று நினைத்தேன். உன் புத்தகப் பையைத் தூக்கித் தூக்கிப் பழகிய தோள். யோசிக்கக்கூட இல்லை. எடுத்து மாட்டிக்கொண்டேன். கொட்டகையில் உன்னைக் காணோம். கேட்டேன். முன்கும்பல் அப்போதே இறங்கிவிட்டது என்றார்கள். அக்காவுக்காக நிற்கவில்லையே என்று உன் மேல் கோபத்தோடு டீ குடித்தேன். நீ பள்ளத்தில் கிடந்தபோது நான் டீ குடித்தேன்.

பிறகு அந்த மனுஷன் சட்டையைப் பிடித்தேன். உன்னை அறைந்தேன். அப்போதும் பை என் தோளில்தானே இருந்தது? குனிந்த தலை நிமிராமல் நின்ற அவர் பார்க்கவில்லை, நீ பார்த்தாய். உனக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தே அறையை வாங்கிக்கொண்டாய்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. இந்தப் பை விதியை நீ வாசித்தபோது நான் கேட்கவே இல்லையா? தூங்கிவிட்டேனா?

அக்கா

*

ஜூன் 25

அக்கா,

நீ தூங்கவில்லை. நான் வாசிக்கவில்லை.

பஸ்ஸில் நமக்கு எதிர்வரிசையில் மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். 'இயற்கை உபாதைக்காக வழியை விட்டு இறங்குவோர்' என்று அந்த வரி தொடங்கும். அதற்குக் கீழேயே 'பிறர் பையைத் தொடவோ நகர்த்தவோ கூடாது' என்று இருக்கும். முதல் வரியைச் சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தது. தாண்டிவிட்டேன். அந்த வேகத்தில் அடுத்த வரியும் போய்விட்டது. தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

நம் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு காகிதத்தையும் நான்தான் வாசித்திருக்கிறேன். மின்சாரக் கட்டணம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், உன் கடை வாடகை ஒப்பந்தம். நான் வாசித்தது எதையும் நீ மறுபடி பார்த்ததில்லை. அப்படி நம்புகிறவளிடம் போய் ஒரு வரியை விட்டிருக்கிறேன்.

முன்னால் போனதும் அதற்காகத்தான். காலையிலிருந்தே அடக்கிக்கொண்டிருந்தேன். ஆள் இல்லாத இடமாகத் தேடி வேகமாக நடந்தேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. நீ சத்தமாக, "என்னடி, ஒதுங்கணுமா?" என்று கேட்டுவிடுவாயே!

பனியில் ஏறி வந்து பையைத் தேடினேன். பை இல்லை. பை இல்லாததால்தான் இது நான் இறங்கிய இடமே இல்லை என்று முடிவு செய்தேன். சரியான இடத்தில்தான் நின்றிருந்தேன், அக்கா. அங்கேயே நின்றிருந்தால் போதும்.

பஸ் பக்கத்தில் உன் தோளில் அதைப் பார்த்ததும் எனக்கு வலிகூட நின்றுபோனது. பையை வைத்தேன் என்று அதற்குள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேனே! செயலாளர் கேட்டதும் அதைத்தான், நிச்சயமாக வைத்தாயா என்று. வைத்தேன் என்றால் வால் மாட்டிக்கொள்வார். எடுத்தது யார் என்றால் நீ. நினைவில்லை என்றேன்.

கூட்டத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளியிருக்கிறார்கள். நீ எதுவும் சொல்லாதே. நான் பையை வைக்கவே இல்லை, வலியில் உளறிவிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். பழி என்னோடு போகட்டும்.

தங்கை

*

ஜூன் 27

தங்கைக்கு,

ஒரு வரியை விழுங்கியதற்கே கால் போயிற்று. இன்னும் விழுங்கப் போகிறாயா?

சீருடைத் தையல் தலைக்கு மேல் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்னால் வர முடியாது. வந்தால் நானே பேசி முடித்துவிடுவேன், நீ என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வாய். அதனால் வராமல் இருப்பதே நல்லது.

நீ எழுந்து நின்று சொல்ல வேண்டும். பையை எடுத்தது என் அக்கா என்று சொல். அவள் தையல் கடை வைத்திருப்பவள் என்றும் சொல். சட்டையைப் பிடித்ததும் அவள்தான், அவள் மன்னிப்புக் கேட்கிறாள் என்று சொல். அப்புறம் நீ விட்ட இரண்டு வரியையும் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி வாசி. அந்த மனுஷன் என் கடையில் தம்ளர் கழுவி வைத்துவிட்டுப் போனார், வாயைத் திறக்காமல். அதை நினைத்துக்கொள், குரல் வரும்.

அக்கா

*

ஜூலை 1

அக்கா,

சொல்லிவிட்டேன்.

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தம் போடும் ஒரு மின்விசிறி. ஊன்றுகோலோடு எழுந்தபோது எல்லாரும், "உக்காந்தே பேசும்மா" என்றார்கள். உட்கார்ந்தால் பேச மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நின்றேன்.

நீ சொன்ன வரிசையிலேயே சொன்னேன். அக்கா என்று சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. பிறகு தாளை எடுத்து இரண்டு வரிகளையும் வாசித்தேன். காது சுட்டது. ஆனால் வார்த்தைகள் வெளியே வந்துவிட்டன. வந்த பிறகு அவை சாதாரண வார்த்தைகளாகத்தான் இருந்தன.

முதலில் திசைமானிதான் எழுந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "முன்கும்பலோட பைங்களை எண்ணிக் கீழ அனுப்பிட்டு, மத்தவங்களுக்காக நான் கொட்டகையில நின்னேன். அங்கயும் தலையை எண்ணல. பையைத்தான் எண்ணினேன். ஆளுங்க அலைஞ்சுட்டே இருப்பாங்க, பை ஒரு இடத்துல இருக்கும்னு எப்பவும் அப்படித்தான் எண்ணுவேன். கணக்குச் சரியா இருந்துச்சு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒருத்தி பள்ளத்தில் கிடக்கிறாள். மேலே கணக்குச் சரியாக இருந்திருக்கிறது.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. செயலாளர் அம்மா மெதுவாகச் சொன்னார், "மலைக்குப் போற அன்னிக்கு நான் காலையிலருந்து தண்ணியே குடிக்கிறதில்ல." அவர்தான் ஒவ்வொரு முறையும் எல்லாரையும் தண்ணீர் குடிக்கச் சொல்லி விரட்டுபவர். அக்கா, மருந்துக்கடைக்காரர்! பின்வரிசையிலிருந்து இன்னொரு பெண், "நானும்" என்றாள். அவள் பக்கத்தில் இருந்தவளும் கையைத் தூக்கினாள். போன கோடையில் ஒருத்தி வழியில் மயங்கி விழுந்தாள் என்று உனக்குச் சொன்னேனே. வெயில் என்று நினைத்தோம். அவளும் கையைத் தூக்கியிருந்தாள். ஆண்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாலை நீக்கவில்லை. செயலாளர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "பை இல்லன்னா என்ன? பனி இறங்கினப்போ திரும்பி நின்னு ஒரு குரல் குடுத்திருக்கலாம். குடுக்கல. அது என் கணக்கு. அதை யாரும் தள்ளுபடி பண்ண வேணாம்" என்றார். இனிமேல் கொட்டகையில் ஒவ்வொருவரும் வாயால் 'வந்தாச்சு' சொல்ல வேண்டும், பையை எண்ணுவது கிடையாது. விருந்தாளிகளுக்கு விதிகளைச் செயலாளரே எல்லார் முன்னாலும் சொல்வார், ஒரு வரி விடாமல்.

படி இறங்க வால்தான் தோள் கொடுத்தார். "உங்க அக்கா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். "உங்களைப் பாக்கவே வெக்கமா இருக்காம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "சட்டையில ரெண்டு பட்டன் போச்சு. வந்து தெச்சுக் குடுக்கச் சொல்லு" என்றார்.

அறைக்கு வந்தும் அந்தக் கைகள் ஒவ்வொன்றாக மேலே போனது கண்ணை விட்டுப் போகவில்லை.

தங்கை

*

ஜூலை 6

என் தங்கைக்கு,

இந்தப் பார்சலில் உன் பை இருக்கிறது. வாரில் நூல் விட்டிருந்தது, இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். மேல்மூடியில் சிவப்புத் துணி வைத்திருக்கிறேன். பார்க்க நன்றாக இல்லைதான். பனியிலும் தெரியும். உள்ளே சட்டைப் பட்டன்கள் ஒரு பொட்டலத்தில் இருக்கின்றன. அவரிடம் கொடுத்துவிடாதே. அந்தச் சட்டையை வாங்கி வை, நான் வந்து தைக்கிறேன்.

உன் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நானே வாசித்தேன். என்னிடம் தையல் கற்கும் பெண்கள் வந்தபோது அவர்களுக்கும் அந்தக் கை தூக்கிய இடத்தை வாசித்துக் காட்டினேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. என் கடைக்குப் பின்னால் கழிவறை இல்லை என்பது உனக்குத் தெரியும். நானும் மத்தியானம்வரை தண்ணீர் குடிப்பதில்லை. இத்தனை வருஷத்தில் எனக்கே அது இப்போதுதான் உறைத்தது. கடையை வாடகைக்கு விட்டவரிடம் நாளைக்குப் பேசப் போகிறேன். சத்தமாக.

கால் சரியானதும் சொல். மறுபடி விருந்தாளியாக வருகிறேன். பையை நீ எங்கே வேண்டுமானாலும் வைத்துவிட்டுப் போ. நான் பக்கத்தில் நிற்பேன். தொட மாட்டேன்.

போனில் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன். பார்சல் வந்ததும் முதல் வேலையாக எனக்குப் பண்ணு.

அக்கா